முதல்முறை ஸ்கூபா டைவிங்: கடலுக்குள் 'தம்' கட்டக் கூடாது ஏன்? ஃப்ளைட் டிக்கெட் போடும் முன் தெரிய வேண்டியவை

இரும்புலியூரில் இருந்து மீனம்பாக்கம் விமான நிலையம், டிராஃபிக் இல்லாவிட்டால் அரை மணி நேரம்தான். அங்கிருந்து அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது பழைய போர்ட் பிளேருக்கு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான விமானப் பயணம். அதனால்தான் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்து குடும்பங்களின் விடுமுறை பட்டியலில் ஊட்டி, கொடைக்கானலோடு அந்தமானும் சேர்ந்துவிட்டது.

அந்தமான் என்றதும் அடுத்து வரும் வார்த்தை ஸ்கூபா டைவிங். நண்பர் ஒருவர் கடலுக்கடியில் மீன்களுக்கு நடுவே எடுத்த வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்திருப்பார். "நாமும் ஒரு தடவை இறங்கிப் பார்ப்போமே" என்று தோன்றும்.

தாராளமாக இறங்கலாம். முறையான மையத்தில், நல்ல உடல்நிலையோடு, பயிற்சியாளருடன் இறங்கினால் ஆபத்து குறைவான அனுபவம்தான் இது. ஆனால் "கடைசி நாள் காலையில் ஸ்கூபா, மாலையில் ஃப்ளைட்" என்று பிளான் போட்டிருந்தால், அதை இப்போதே மாற்றுங்கள். சிறு வயதில் கிணற்றில் குதித்துக் கற்றுக்கொண்ட 'தம் கட்டும்' பழக்கத்தையும் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜனா?

பெரும்பாலானோர் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்றுதான் சொல்கிறார்கள். அது சரியல்ல. முதல்முறை டைவ் செய்பவரின் முதுகில் இருப்பது நாம் அன்றாடம் சுவாசிக்கும் அதே காற்று. வடிகட்டி, ஈரப்பதத்தை நீக்கி, அதிக அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். அதில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். மீதி பெரும்பாலும் நைட்ரஜன்.

சுத்தமான ஆக்சிஜனை அடைத்தால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். சுமார் 6 மீட்டருக்குக் கீழே போனால் சுத்தமான ஆக்சிஜனே நரம்பு மண்டலத்துக்கு விஷமாகி, வலிப்பை உண்டாக்கும் அபாயம் இருக்கிறது. அதனால்தான் சாதாரணக் காற்று.

'செல்ஃப் கன்டெய்ன்ட் அண்டர்வாட்டர் பிரீதிங் அப்பாரட்டஸ்' என்பதன் சுருக்கமே ஸ்கூபா. வெளியிலிருந்து குழாய் எதுவும் இல்லாமல், சுவாசத்துக்கான காற்றைத் தானே சுமந்து செல்லும் கருவி என்று பொருள். பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் கூஸ்டோவும் பொறியாளர் எமில் கான்யானும் 1943-ல் உருவாக்கிய 'அக்வா லங்' கருவிதான் இன்றைய ஸ்கூபா கருவிகளுக்கு முன்னோடி.

வாயில் கடித்துக்கொள்ளும் பகுதியின் பெயர் ரெகுலேட்டர். நீங்கள் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தருவது அதன் வேலை. கீழே நடக்கும் எல்லாவற்றுக்கும் சாவி இந்த 'ஆழத்துக்கு ஏற்ற அழுத்தம்' என்பதில்தான் இருக்கிறது.

'தம்' கட்டினால் என்ன ஆகும்?

கடல் மட்டத்தில் நம் மீது இருக்கும் காற்றழுத்தத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு பங்கு கூடும். 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு.

அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் கன அளவு பாதியாகும். அழுத்தம் குறைந்தால் அதே காற்று விரியும். பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதி இதுதான்.

இப்போது தூத்துக்குடி முத்துக்குளிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். கல் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேலே இழுத்த ஒரே மூச்சோடு மன்னார் வளைகுடாவில் இறங்கியவர்கள் அவர்கள். கீழே போகப் போக அவர்களின் நுரையீரலில் உள்ள காற்று சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். அதைத் தாண்டி விரியாது. அதனால் அவர்கள் தம் கட்டியே ஆக வேண்டும். கட்டினாலும் நுரையீரல் வெடிக்காது.

ஸ்கூபாவில் கணக்கு தலைகீழ். நீங்கள் 10 மீட்டர் ஆழத்திலேயே ஒரு முழு மூச்சை இழுக்கிறீர்கள். நுரையீரல் நிறைய, இரண்டு மடங்கு அழுத்தத்தில் காற்று. அந்த நிலையில் தம் கட்டிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடம் இல்லை. திசு கிழிந்து காற்று ரத்தத்தில் கலக்கலாம். குமிழி மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு அதிக ஆழம்கூட தேவையில்லை. மூச்சை அடக்கியபடி ஒன்றிரண்டு மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் காயமடைய வாய்ப்பு உண்டு. முதல் 10 மீட்டரில்தான் அழுத்தம் இரட்டிப்பாகிறது என்பதால், "12 மீட்டர்தானே, பெரிய ஆழமா என்ன" என்று அலட்சியமாக இருக்க முடியாது.

ஆகவே ஸ்கூபாவின் முதல் விதி: எந்த நேரத்திலும் மூச்சை அடக்காதீர்கள். இழுங்கள், விடுங்கள், இழுங்கள், விடுங்கள். அவ்வளவுதான்.

நம்மில் பலருக்கு இதுதான் கஷ்டம். கிணற்றிலோ ஏரியிலோ நீச்சல் பழகியவர்களுக்கு, தண்ணீர் முகத்தில் பட்டதுமே தம் கட்டுவது கை வந்த கலை. பயந்துவிட்டால் தானாகவே தம் கட்டிவிடுவோம். அந்தப் பழக்கத்தை ஆழமில்லாத தண்ணீரில் பழகி மாற்றிய பிறகுதான் கடலுக்குள் போக வேண்டும்.

மூச்சு விடும்போது எழும் குமிழிச் சத்தத்தைக் கவனியுங்கள். சத்தம் சீராக வந்தால் சரியாக சுவாசிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பள்ளிக்கரணை நீர்மூழ்கிக்கு இந்தப் பிரச்சினை இல்லையா?

தாம்பரம்–வேளச்சேரி சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம். 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்பும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியை உருவாக்கி வருவது இந்த நிறுவனம்தான். அவ்வளவு ஆழம் போகும் அவர்களுக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை?

அவர்கள் டைட்டானியம் கோளத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே அழுத்தம் 600 மடங்கு ஆனாலும், உள்ளே வீட்டில் இருப்பது போன்ற அழுத்தம்தான். ஸ்கூபாவில் அப்படி ஒரு கவசம் கிடையாது. கடலின் அழுத்தத்தை உங்கள் காது, சைனஸ், நுரையீரல், ரத்தம் எல்லாமே நேரடியாக வாங்கிக்கொள்ளும்.

நீச்சல் தெரியாதே, இறங்கலாமா?

இது தெரிய வேண்டுமானால், இரண்டு வகை டைவ்களின் வித்தியாசம் புரிய வேண்டும்.

முதலாவது, சுற்றுலாப் பயணிகளுக்கான அறிமுக டைவ். 'ட்ரை டைவ்', 'டிஸ்கவர் ஸ்கூபா' என்றெல்லாம் சொல்வார்கள். சுருக்கமான விளக்கம், ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சி, பிறகு பயிற்சியாளர் கூடவே இருக்க ஒரு டைவ். பாடி அமைப்பின் விதிப்படி குறைந்தபட்ச வயது 10. அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. இது ஒரு அனுபவம் மட்டுமே. முடித்ததும் நீங்கள் 'டைவர்' ஆகிவிட மாட்டீர்கள். தனியாக இறங்கும் தகுதியும் வராது.

இரண்டாவது, 'ஓப்பன் வாட்டர்' எனப்படும் முழுமையான பயிற்சி வகுப்பு. பொதுவாக 3 முதல் 4 நாட்கள் ஆகும். பாடம், தேர்வு, நீச்சல் குளம் போன்ற அமைதியான தண்ணீரில் பயிற்சி, கடலில் 4 டைவ். இதற்கு நீச்சல் கட்டாயம். நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் தண்ணீரில் மிதக்க வேண்டும். முடித்தால் 18 மீட்டர் வரை இன்னொரு டைவருடன் ஜோடியாக இறங்கும் தகுதிச் சான்று கிடைக்கும்.

ஆக, நீச்சல் தெரியாதவர்கள் அறிமுக டைவ் செய்யலாம். ஆனால் அதை முன்கூட்டியே பயிற்சியாளரிடம் சொல்லிவிட வேண்டும். "தெரியும்" என்று சும்மா சொல்வது உங்களுக்கே வினை.

நீலாங்கரையில் கடலுக்கடியில் நடந்த கல்யாணம்

2021 பிப்ரவரியில் நீலாங்கரை கடலுக்குள் ஒரு ஜோடி திருமணம் செய்துகொண்டது பலருக்கும் நினைவிருக்கும். வேட்டி, புடவை சகிதம் சுமார் 60 அடி ஆழத்தில் தாலி கட்டிய வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது.

60 அடி என்றால் 18 மீட்டர். அறிமுக டைவுக்கான 12 மீட்டர் எல்லையை விட அதிகம். பயிற்சி பெற்ற பிறகே மணமக்கள் அந்த ஆழத்துக்கு இறங்கினார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு "முதல் தடவையே அந்த ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்பவர்களும், "போகலாம் வாங்க" என்று சொல்பவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

டைவுக்கு முன் ஒரு படிவம் தருவார்கள். கேள்விகள் நிறைய இருக்கும். குடும்பமே வரிசையில் நிற்கும்போது, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு கையெழுத்துப் போடுவதுதான் பலரின் வழக்கம். அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

கீழ்க்கண்டவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது:

• ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள்
• இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள்
• வலிப்பு, அடிக்கடி மயக்கம் வந்தவர்கள்
• காது, சைனஸ் அறுவை சிகிச்சை செய்தவர்கள், காதில் சீழ் வடியும் பிரச்சினை உள்ளவர்கள்
• காசநோய் போன்ற நுரையீரல் நோய் வந்து குணமானவர்கள். நுரையீரலில் தழும்பு இருக்கலாம்
• நுரையீரல் ஒருமுறையாவது சுருங்கிப்போனவர்கள்
• சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எடுப்பவர்கள்
• சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்

கர்ப்பிணிகள் ஸ்கூபா டைவ் செய்யவே கூடாது.

இதில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால், டிக்கெட் போடுவதற்கு முன்பே ஊரில் டாக்டரைப் பார்த்து, தகுதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். தீவில் போய் நின்றபிறகு டாக்டரைத் தேடினால், ஒன்று பணம் போகும், அல்லது பொய் சொல்லத் தோன்றும்.

சாதாரண ஜலதோஷம், மூக்கடைப்பு இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவது இன்னும் மோசம். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காதும் சைனஸும் வலிக்கும்.

முந்தைய இரவு மது வேண்டாம். காலையில் இட்லி மாதிரி எளிதான சாப்பாடு போதும். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள்.

அன்று என்னென்ன நடக்கும்?

முதலில் விளக்கம். பிறகு நீச்சலுடை அல்லது வெட் சூட். தங்கச் சங்கிலி, தோடு, மோதிரம் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கண்ணாடி அணிபவர்கள் பவர் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

மாஸ்க், ரெகுலேட்டர், ஃபின்ஸ், எடை பெல்ட், பி.சி.டி. எனப்படும் காற்றடைக்கும் ஜாக்கெட், முதுகில் சிலிண்டர். கரையில் நிற்கும்போது ரொம்ப கனமாக இருக்கும். தண்ணீரில் இறங்கியதும் கனம் தெரியாது.

அடுத்து, இடுப்பளவு அல்லது நெஞ்சளவு தண்ணீரில் பயிற்சி. இதில் மூன்று விஷயங்களைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

ஒன்று, வாயால் மட்டும் சுவாசிப்பது. மூக்கு மாஸ்க்குக்குள் இருக்கும் என்பதால் மூக்கால் இழுக்க முடியாது.

இரண்டு, ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் மீண்டும் பொருத்துவது. வாயில் வைத்து, பலமாக ஊதி உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டு சுவாசிக்க வேண்டும். ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்திலும் தம் கட்டாமல், சின்னச் சின்னக் குமிழிகளாக மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்று, மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது. மாஸ்க்கின் மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ் வழியாகப் போய்விடும். மீசை வைத்தவர்களுக்குக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பதற வேண்டாம்.

கடலுக்குள் இருமல் வந்தால்? ரெகுலேட்டரை எடுக்காமல் அதற்குள்ளேயே இருமலாம். வாந்தி வந்தால்கூட அப்படித்தான்.

இந்தப் பயிற்சி இல்லாமல் நேராகப் படகில் ஏற்றி ஆழத்தில் இறக்கிவிடுகிறார்கள் என்றால், நீங்கள் இறங்காதீர்கள்.

காற்று எவ்வளவு நேரம் வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால், மொத்தம் சுமார் 2,200 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவருக்கு, 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் செலவாகும். அப்படியானால் 55 நிமிடம்.

ஆனால் முழுவதும் தீரும் வரை யாரும் கீழே இருப்பதில்லை. சுமார் 50 பார் மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் இன்னும் சீக்கிரம் குறையும். அதனால் அறிமுக டைவ் பெரும்பாலும் அரை மணி நேரத்தை ஒட்டியே முடிந்துவிடும்.

காது வலிக்கும் என்கிறார்களே?

விமானம் இறங்கும்போது காது அடைப்பது போலத்தான் இதுவும். ஆனால் கடலில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஒரு மீட்டர் இறங்கும்போதே காதில் அழுத்தம் தெரியும்.

மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மெதுவாக மூக்கு வழியாக ஊத முயல வேண்டும். 'பக்' என்று காது திறக்கும். வலி வந்த பிறகு அல்ல. வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் இதைச் செய்ய வேண்டும்.

திறக்கவில்லையா? பலமாக ஊதாதீர்கள். பயிற்சியாளரிடம் காதைச் சுட்டிக்காட்டுங்கள். அவர் ஒரு மீட்டர் மேலே கூட்டிவந்து மறுபடி முயலச் சொல்வார். அப்போதும் திறக்காவிட்டால் டைவை முடித்துக்கொள்வதே நல்லது. செவிப்பறை கிழிந்தால் விடுமுறையே வீணாகிவிடும்.

கட்டைவிரலை உயர்த்தாதீர்கள்!

நம்மூரில் கட்டைவிரலைத் தூக்கினால் 'சூப்பர்' என்று அர்த்தம். கடலுக்கடியில் அதற்கு 'மேலே போகணும்' என்று பொருள். மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கினால், பயிற்சியாளர் உங்களை மேலே கூட்டிப்போய்விடுவார்.

• எல்லாம் நலம்: கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்த வட்டம்
• ஏதோ பிரச்சினை: கையை விரித்து இருபக்கமும் ஆட்டி, பிரச்சினை உள்ள இடத்தைச் சுட்டிக்காட்டுவது
• மேலே போகணும்: கட்டைவிரல் மேலே
• கீழே போகலாம்: கட்டைவிரல் கீழே
• காற்று இல்லை: கழுத்தை அறுப்பது போன்ற சைகை

பயம் வந்துவிட்டால்?

வரும். பலருக்கும் முதல் சில நிமிடங்களில் நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் தோன்றும் முதல் எண்ணம், 'எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு மேலே ஓடிடணும்' என்பதுதான். அதைத்தான் செய்யக் கூடாது. வேகமாக மேலே வருவதும், தம் கட்டுவதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

நிற்கவும். மெதுவாக, நீளமாக மூச்சு விடவும். பயிற்சியாளரின் கையைப் பிடிக்கவும். அப்போதும் சரியாகாவிட்டால் கட்டைவிரலை மேலே காட்டவும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் டைவை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. பணம் கட்டியாச்சே, மற்றவர்கள் கிண்டல் செய்வார்களே என்று யோசிக்கத் தேவையில்லை.

குடும்பத்தோடு போகிறவர்கள் இதையும் கவனியுங்கள். பயப்படும் பிள்ளையையோ, மனைவியையோ, கணவரையோ "ஒண்ணும் ஆகாது, இறங்கு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கரையில் இருந்தபடி ஸ்நார்கெலிங் செய்தாலே பவளப்பாறைகளைப் பார்க்கலாம்.

டைவ் முடிந்ததும் ஏன் விமானம் ஏறக் கூடாது?

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி அடைத்திருக்கும் வரை சோடாவில் குமிழி தெரியாது. கோலியை அழுத்தியதும் 'புஸ்' என்று பொங்கும். உள்ளே அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் குறைந்ததும் குமிழியாக வெளியே வருகிறது.

ஆழத்தில் சுவாசிக்கும்போது வழக்கத்தை விட அதிக நைட்ரஜன் நம் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சு வழியாகச் சிறுகச் சிறுக வெளியேறிவிடும். அதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் போகாமல் மேலே வரச் சொல்கிறார்கள். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கும் வழக்கமும் உண்டு.

கரைக்கு வந்த பிறகும் உடலில் கொஞ்சம் நைட்ரஜன் மிச்சம் இருக்கும். விமானத்தின் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதை விடக் குறைவு. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. டைவ் முடித்த சில மணி நேரத்தில் விமானம் ஏறினால், மிச்சமிருக்கும் நைட்ரஜன் உடலுக்குள் குமிழியாக மாறலாம். இதுதான் 'டிகம்ப்ரஷன்' நோய்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரை இது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம் கழித்து விமானம். ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் அல்லது பல நாட்கள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். குழப்பமே வேண்டாம் என்றால், ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள்.

மலை ஏறுவதும் இதே கணக்குதான். புதுச்சேரியில் காலையில் டைவ் செய்துவிட்டு, அன்றே காரில் ஏற்காடு போகும் பிளான் வேண்டாம்.

5 நாள் அந்தமான் பயணத்தை எப்படிப் பிரிக்கலாம்?

• நாள் 1: ஸ்ரீ விஜயபுரம், செல்லுலார் சிறை
• நாள் 2: படகில் ஸ்வராஜ் தீவு, அதாவது ஹேவ்லாக், ஓய்வு
• நாள் 3: காலையில் ஸ்கூபா
• நாள் 4: கடற்கரை, ஷஹீத் தீவு அல்லது மீண்டும் ஸ்ரீ விஜயபுரம்
• நாள் 5: சென்னை விமானம்

படகு கடல் மட்டத்தில்தான் போகிறது என்பதால் அதனால் பிரச்சினை இல்லை. 3-ம் நாள் மழையோ காற்றோ வந்து டைவ் ரத்தானால், 4-ம் நாள் அதிகாலையில் ஒரே ஒரு டைவுக்கு மட்டும் நேரம் பார்க்கலாம். அதுவும் தவறினால் விட்டுவிடுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு வலி வந்தால்?

டிகம்ப்ரஷன் நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரியும். மூட்டு வலி, குறிப்பாக தோள், முழங்கை, கை கால் மரத்துப்போதல், தலைசுற்றல், அசாதாரணமான சோர்வு, தோலில் அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல்.

சிக்கல் என்னவென்றால், தோள் வலித்தால் "சூட்கேஸ் தூக்கினதால இருக்கும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவோம். அப்படிச் செய்யாதீர்கள். மருத்துவமனைக்குப் போய், முதல் வார்த்தையாக "நேற்று ஸ்கூபா டைவ் செய்தேன், இத்தனை மீட்டர், இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

முதலுதவி, சுத்தமான ஆக்சிஜன். முக்கிய சிகிச்சை, அழுத்த அறைக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுப்பது. ஸ்ரீ விஜயபுரத்தில் கடற்படையின் ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரி மருத்துவமனையில் இந்த அழுத்த அறை இருக்கிறது. தீவில் இருக்கும்போதே அறிகுறி வந்தால், "ஊருக்குப் போய் பார்த்துக்கலாம்" என்று விமானம் ஏறக் கூடாது.

எங்கே, எப்போது போகலாம்?

அந்தமான்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் டைவ் அடிக்கடி ரத்தாகும்.

புதுச்சேரி: இரும்புலியூரில் இருந்து ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் வழியாகவோ, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை பிடித்து ஈ.சி.ஆர். வழியாகவோ போய்விடலாம். விமானமே தேவையில்லை என்பதால் மேலே சொன்ன காத்திருப்பும் எளிது. கரையிலிருந்து படகில் போய் இறங்க வேண்டும் என்பதால் படகுக் குமட்டலுக்குத் தயாராகுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காலம். கடல் கொந்தளிப்பும், புயல் எச்சரிக்கையும் பார்த்துத்தான் திட்டமிட வேண்டும்.

ராமேஸ்வரம், மண்டபம் பகுதி: புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டபோது தொடங்கிய ராமேஸ்வரம்–தாம்பரம் ரயில் இப்பகுதி மக்களுக்கு வசதி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா. வனத்துறையின் அனுமதி இல்லாத இடத்தில் இறங்கக் கூடாது.

எந்தக் கடலாக இருந்தாலும் பவளப்பாறையைத் தொடாதீர்கள், மிதிக்காதீர்கள், உடைத்து எடுத்து வராதீர்கள். பவளங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. எடுத்து வந்தால் வழக்கு வரும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. பயிற்சியாளரின் சான்றிதழ் எண் என்ன? பாடி போன்ற அமைப்புகளின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.
2. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? நீச்சல் தெரியாதவருக்கு, ஒருவருக்கு ஒருவர் என்பதே நல்லது.
3. மருத்துவப் படிவம் உண்டா?
4. ஆழமில்லாத தண்ணீரில் பயிற்சி உண்டா?
5. எவ்வளவு ஆழம் போவோம்?
6. படகில் அவசரகால ஆக்சிஜன், முதலுதவிப் பெட்டி இருக்கிறதா?
7. உடல்நிலையோ வானிலையோ சரியில்லாமல் ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா?

பதில் சொல்லத் தயங்கினாலோ, "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று மழுப்பினாலோ, வேறு மையத்தைப் பாருங்கள். சில நூறு ரூபாய் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு இடத்தைத் தேர்வு செய்யாதீர்கள். உங்கள் டிராவல் இன்சூரன்ஸில் ஸ்கூபா சேருமா என்பதையும் படித்துப் பாருங்கள். பல பாலிசிகள் சாகச விளையாட்டுகளை விலக்கி வைத்திருக்கும்.

பிடித்துவிட்டது, அடுத்து என்ன?

அறிமுக டைவ் பிடித்துப்போனால் ஓப்பன் வாட்டர் வகுப்பில் சேரலாம். பாடங்களை வீட்டிலிருந்தே மொபைலில் படித்து முடித்துவிட்டு, கடல் பயிற்சிக்கு மட்டும் நேரில் போகும் வசதி இருக்கிறது. அதற்குள் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். தென்சென்னை புறநகர்வாசிகளுக்கு வேளச்சேரியில் அரசின் நீச்சல் வளாகம் இருக்கிறது. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு இறங்கினால் ஒரு நினைவூட்டல் பயிற்சி எடுப்பது அவசியம்.

சுருக்கமாக

• கடலுக்குள் ஒருபோதும் தம் கட்டாதீர்கள்.
• படிவத்தில் உண்மையை எழுதுங்கள். ஜலதோஷம் இருந்தால் இறங்காதீர்கள்.
• காதை வலிக்கும் முன்பே சரிசெய்யுங்கள். மெதுவாக மேலே வாருங்கள்.
• பயணத்தின் நடுவில் டைவ். கடைசி நாளில் வேண்டாம்.
• பிடிக்கவில்லை என்றால் கட்டைவிரல் மேலே. கடல் எங்கேயும் போகாது. அடுத்த லீவுக்கும் அங்கேயேதான் இருக்கும்.